கிரிம்பெத்தோவைத் தேடிப் போன பாண் கப்பல்

நிலா, ஆரன்,

நான் ஒஸ்லோவுக்கு எதற்குப் போனேன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "வேலை விஷயமாக" என்று சொல்லித் தப்பிவிட்டேன். பாரிசில் ஒரு பேக்கரியில் பாண் சுடுகிறவனுக்கு நோர்வேயில் என்ன வேலை என்று நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை. அதற்கு நன்றி. இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை கண்டால் பென்சிலால் திருத்துங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரியுங்கள்.

என் முதலாளியை உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் உங்களுக்குச் சொக்கலேற் பாண் தந்துவிட்டு, நன்றி சொல்லுமுன் உள்ளே ஓடிவிடுகிற உயரமான மனிதர். கல்யாணம் கட்டவில்லை. அவருடைய குடும்பப் பெயர் கிரிம்பெத்தோ. நம் வீட்டில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர், உங்கள் பெயருக்குப் பின்னால் என் பெயர். தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். பிரான்ஸ்காரருக்கு அப்படியில்லை. ஒரே பெயர், நல்ல குளிர்க் கோட்டு மாதிரி, அப்பாவிடமிருந்து மகனுக்கு நூற்றாண்டுக் கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

"எங்கள் பெயர் அரிது, சந்திரன்," என்பார் மாவைப் பிசைந்தபடி. "மிக மிக அரிது."

அவரிடம் ஒரு நீலக் கொப்பி இருந்தது. உலகத்தில் உள்ள கிரிம்பெத்தோக்கள் எல்லாரையும் தேடி அதில் எழுதிவந்தார். தொலைபேசிப் புத்தகம், நூலகத்துக் கணினி, கல்லறைக் கற்கள், ஒன்றையும் விடவில்லை. சில பெயர்களைச் சிவப்புப் பென்சிலால் வெட்டி, பக்கத்தில் 'அச்சுப் பிழை' என்று எழுதியிருந்தார். கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். ஒருவர் அவர். இன்னொருவர் அவருடைய தங்கச்சி. அப்பாவின் மணிக்கூடு யாருக்கு என்று தொடங்கிய சண்டையில் பன்னிரண்டு வருடமாக அவரோடு கதைப்பதில்லை. மூன்றாவது, 'பி. கிரிம்பெத்தோ, ஒஸ்லோ'.

"பி என்றால் பியேர்," என்றார் முதலாளி. "ஒஸ்லோ! புரிகிறதா? எங்கள் ஊர் நோர்மண்டிக் கடற்கரை. வைகிங் கடலோடிகள் நோர்வேயிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய இடம். நாங்கள் அவர்களின் வாரிசு. எங்களில் ஒருவன் திரும்பிப் போயிருக்கிறான்!"

எனக்கு அவரைப் பார்த்தால் வைகிங் போலத் தெரியவில்லை. எலிக்குப் பயப்படுகிறவர். ஆனால் மாவு பிசைகிற நேரத்தில் மறுத்துப் பேசக் கூடாது, பாண் கெட்டியாகிவிடும்.

ஒரே குடும்பப் பெயர்க்காரர் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு மதிய விருந்து வைக்க அவர் முடிவு செய்தார். இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் ஊரில் எண்பது கதிரை போட்ட மண்டபத்தை எடுத்துவிட்டார். ஏன் எண்பது என்று கேட்டேன். அதைவிடச் சின்ன மண்டபம் ஊரில் இல்லையாம்.

தங்கச்சி வரமாட்டாள். ஒஸ்லோவுக்கு இரண்டு கடிதம் போட்டார், பதில் இல்லை. தொலைபேசி எடுத்தார். யாரோ "ஹலோ" என்றார்கள், இவர் பெயரைச் சொன்னார், மறுபக்கம் டக்கென்று வைத்துவிட்டார்கள். "வடக்கு ஆட்கள் கூச்சக்காரர்," என்று முதலாளி சிரித்தார். சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒஸ்லோக்காரர் வராவிட்டால், எண்பது கதிரையில் ஒன்றில் இந்த மனிதர் தனியாக உட்கார்ந்து வாத்து இறைச்சி சாப்பிடுவார்.

"உன் அக்கா ஒஸ்லோவில்தானே இருக்கிறாள்?" என்று கேட்டார்.

"நான் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்," என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் வாய் முந்திவிடும்.

முதலாளி தன் உறவுக்காரனுக்கு ஒரு பரிசு செய்தார். அரை மீற்றர் நீளத்தில் வைகிங் கப்பல், முழுவதும் பாண். புளிக்க விடாத மாவில் செய்து மெல்லிய சூட்டில் காயவைத்தால் மரம் போல இறுகிவிடும், மாதக்கணக்கில் கெடாது. அழகுக்குத்தான், சாப்பிட முடியாது. இதை மறக்காதீர்கள். பக்கத்துக்கு எட்டுத் துடுப்பு, முன்னால் வாயைப் பிளந்த டிராகன் தலை. "மடியில் வைத்துக் கொண்டுபோ," என்றார்.

முதல் நாளே டிராகனின் கழுத்து முறிந்தது. பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்கள். நான் "பாண்" என்றேன். அவர்கள் திரையில் தெரிந்த தலையைப் பார்த்தார்கள், பிறகு என் தலையைப் பார்த்தார்கள். அவசரப்பட்டு நானே பெட்டியைத் திறந்து இழுத்ததில் தலை கையோடு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நோர்வே போய்ச் சேர்ந்தேன்.

அக்கா வீடு ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில், பியோர்ண்டாலில். அத்தான் பஸ் ஓட்டுகிறவர். "நான் ஓட்டுற பஸ்ஸிலயே வா மச்சான்," என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். தரிப்பிடத்தில் நின்றேன். பஸ் வந்தது. சீருடையில் அத்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன்.

"அத்தான்!"

"டிக்கெட் எடு மச்சான்."

"அத்தான், நான் சந்திரன்..."

"தெரியுது. டிக்கெட்டை எடு. கமெரா இருக்கு."

எடுத்தேன். சுகம் விசாரிக்க வாயெடுத்தேன். ஓடும்போது ஓட்டுநரோடு கதைக்கக் கூடாது என்று கண்ணாலேயே ஒரு பலகையைக் காட்டினார். அந்த ஊரில் பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவதில்லை. எல்லாரும் ஆளுக்கொரு இரட்டை இருக்கையில் யன்னலைப் பார்த்தபடி போகிறார்கள். நம் ஊர்ப் பஸ் என்றால் இதற்குள் என் சம்பளம் வரைக்கும் கேட்டிருப்பார்கள். நான் கப்பலைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும் ஒரு கிழவர் என்னைக் கடந்து போய், கப்பலுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அத்தான் சீருடையைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். வேறு மனிதர்.

அக்கா இடியப்பமும் சல்மன் மீனில் சொதியும் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்து, சோற்றுப் பசை வைத்து டிராகனின் தலையை ஒட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் மடக் என்று சத்தம் கேட்டது. திரும்பினால், அத்தான் ஒரு துடுப்பைத் தேநீரில் தோய்த்துக் கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ரஸ்க் எண்டு நினைச்சன் மச்சான்."

"அத்தான், அது அழகுக்கு."

"அழகுக்குச் செய்யிற சாமானை ஏன் பாணிலை செய்யிறாங்கள்?"

"அந்த ஆளுக்கு ஐம்பது வயசு. தேத்தண்ணியோடை என்னத்தைக் கண்டாலும் கடிக்கும்," என்றாள் அக்கா. "தம்பி, நீ உந்தக் கப்பலைத் தூக்கி அலுமாரிக்கு மேலை வை."

ஒரு பல்லின் ஓரம் போயிருந்தது. கப்பலில் ஒரு துடுப்பும்.

இரண்டாம் நாள் அக்காவின் மகள் தர்சிகாவோடு முகவரி தேடிப் போனேன். அவள் அங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னதும் "ஹெரெகுட், மாமா!" என்றாள். கடவுளே என்று அர்த்தமாம்.

"மாமா, நீங்கள் ஒரு தெரியாத ஆளின்ரை வீட்டுக் கதவைத் தட்டி, உங்கடை பொஸ்ஸுக்கு ஃபமிலியா வாங்கோ எண்டு கேக்கப் போறீங்களோ?"

"ஓம்."

"நோர்வேயிலை அப்படி ஒருத்தரும் செய்யமாட்டினம்."

"அதுக்குத்தானே பிள்ளை நான் பாரிசிலயிருந்து வந்தனான்."

நிலக்கீழ் ரயிலில் போய், கிழக்கு ஒஸ்லோவில் ஒரு பழைய அடுக்குமாடியைக் கண்டுபிடித்தோம். மணிப் பலகையில் கிரிம்பெத்தோ இல்லை. கீழ் வீட்டில் இருந்த ஒரு அம்மா எங்களைக் கண்டு வெளியே வந்தார். தர்சிகா நோர்வேஜிய மொழியில் கேட்டு, எனக்குச் சொன்னாள். அவர்கள் இரண்டு வருடத்துக்கு முன்னர் திராமன் என்கிற பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்களாம்.

"நல்ல சனங்களாம் மாமா. ஆனா அவை போனாப் பிறகு படிக்கட்டிலை ஒரு வாசமும் இல்லையாம். முந்தி ஒவ்வொரு பின்னேரமும் சமையல் வாசத்திலயே இவவுக்குப் பசிக்குமாம்."

பிரெஞ்சுச் சமையல் என்றால் சும்மாவா என்று நான் பெருமைப்பட்டேன்.

அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு வாஃபிள் தந்தார். மேலே பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ். முகர்ந்து பார்த்தேன், சீஸ். கடித்துப் பார்த்தேன், இனிக்கிற பால்ரொபி. இரண்டுக்கும் நடுவில் என் நாக்கு தடுமாறியது. மூன்றாவது துண்டில்தான் பிடிபட்டது. நாலாவதை அவராகவே வைத்தார். பிறகு தர்சிகா தொலைபேசித் தகவலில் கேட்டுத் திராமன் முகவரியை எழுதித் தந்தாள். முன்கூட்டிப் பேச வேண்டாம் என்றேன். பேசித்தான் ஏற்கெனவே ஒருமுறை வைத்துவிட்டார்களே.

மூன்றாம் நாள் தர்சிகாவுக்குப் பரீட்சை. நான் தனியாக ரயில் ஏறினேன். அவள் ஒரு வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்திருந்தாள். 'வணக்கம், நான் திரு கிரிம்பெத்தோவைச் சந்திக்க வந்திருக்கிறேன், பயப்பட வேண்டாம்' என்பது நோர்வேஜிய மொழியில். அதை வழி முழுவதும் பாடமாக்கினேன். திராமன் வந்ததும் பாடமாக்கியபடியே இறங்கினேன். ரயில் போனது. கையைப் பார்த்தேன். கை வெறுமையாக இருந்தது.

கப்பல் போய்விட்டது. என்னை விட்டுவிட்டு மலைப்பக்கமாகப் போய்விட்டது.

நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்ன பொருள்?"

"கப்பல்."

"நீளம்?"

"அரை மீற்றர்."

"எதால் செய்தது?"

"பாண்."

அவர் முகத்தில் ஒரு சிறு அசைவும் இல்லை. எழுதினார்.

"வேறு அடையாளம்?"

"வலது பக்கத்தில் ஒரு துடுப்புக் குறைவு. எங்கள் அத்தான் கடித்தது."

அதையும் எழுதினார். பிறகு தொலைபேசியில் யாரோடோ பேசினார். "அடுத்த ரயிலில் திரும்பி வரும்," என்றார். நான் நிலையத்துக்கு முன்னால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு ரயில் வந்தது. அதிலிருந்து பரிசோதகர் ஒருவர் இரண்டு கையாலும் கப்பலை ஏந்திக்கொண்டு இறங்கினார். மழைத் தூறல் படாமல் அதன் மேல் தன் பத்திரிகையை மூடியிருந்தார். என் கையில் தந்துவிட்டு, சல்யூட் அடிப்பது போலத் தொப்பியைத் தொட்டார். எனக்கா கப்பலுக்கா என்று தெரியவில்லை.

வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவில் சின்னப் பித்தளைத் தகடு, அதில் கிரிம்பெத்தோ. தலைமயிரைத் தடவி ஒழுங்காக்கினேன். சிவப்புத் தாடி, நீலக் கண், கதவளவு உயரம் என்று மனதில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு மணியை அமத்தினேன்.

திறந்தவர் கட்டம் போட்ட லுங்கியில் இருந்தார். தோளில் துண்டு, கையில் கரண்டி, மேலுதட்டில் அடர்ந்த மீசை. என்னைவிட ஒரு பிடி கறுப்பு.

இவர் வாடகைக்கு இருக்கிறவராக்கும் என்று நினைத்து, பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார்.

"தமிழாங்க?"

"ஓம்."

"ஓமா? அப்ப சிலோன்! வாங்க, வாங்க, உள்ள வாங்க. மல்லிகா! நம்மாளு ஒருத்தரு கப்பல் பொம்மை விக்க வந்திருக்காரு!"

"விக்க வரேல்லை ஐயா. இஞ்சை கிரிம்பெத்தோ எண்டவரைச் சந்திக்க வந்தனான்."

"நான்தாங்க."

"இல்லை ஐயா, வீட்டுக்காரர் கிரிம்பெத்தோ."

"வீட்டுக்காரன் நான்தாங்க. பி. கிரிம்பெத்தோ. பன்னீர்செல்வம் கிரிம்பெத்தோ."

நான் கப்பலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து சாம்பார் வாசம் வந்தது. கிழக்கு ஒஸ்லோவின் படிக்கட்டில் அந்த அம்மாவுக்குப் பசி எடுக்க வைத்த வாசம் இதுதான்.

"யாரு சார் உங்கள அனுப்புனது?"

"பாரிசிலை முசியே கிரிம்பெத்தோ."

அவர் முகம் மாறிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார். "மல்லிகா," என்றார் மெதுவாக, "ஆளே அனுப்பிட்டாங்க."

அவர் மனைவி மல்லிகா வந்தார். கையில் முதலாளியின் இரண்டு கடிதங்கள். உறையில் ஒஸ்லோ முகவரியை வெட்டித் திராமன் முகவரி எழுதியிருந்தது; கடிதங்கள் மடித்து மடித்துக் கிழியப் பார்த்தன.

"சார், பேரைத் திருப்பிக் குடுக்க முடியாதுங்க," என்றார் பன்னீர்செல்வம். "பாஸ்போர்ட்டு, வேலை, வீட்டுப் பத்திரம், ரெண்டு பொண்ணுங்க ஸ்கூலு, எல்லாம் அந்தப் பேர்லதான் இருக்கு. குடுத்துட்டு நாங்க என்னன்னு கூப்டுக்கறது?"

"ஆர் திருப்பிக் கேட்டது?"

"லெட்டர்ல பத்து எடத்துல 'எங்கள் பெயர்', 'எங்கள் பெயர்'னு வருதே. நாங்க பாண்டிச்சேரி சார். தலைமுறை தலைமுறையா பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. ஆனா நான் படிச்சது தமிழ் மீடியம். அந்தப் பாசை பாதி புரியும், பாதி பயமா இருக்கும். சரி, பேருக்குச் சொந்தக்காரன் முழிச்சுக்கிட்டான்னு நெனச்சேன். போன் வேற வந்துச்சு. வெச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க கொள்ளுத் தாத்தாவோட அப்பா, பாண்டியில ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டுல சமையக்காரரு. ரொட்டி சுடறதுல மன்னன். அப்ப ஒரு சட்டம் வந்துச்சாம். பிரெஞ்சுச் சட்டத்துக்குள்ள வர்றவங்க ஆளுக்கொரு குடும்பப் பேரு வெச்சுக்கணும்னு. நம்மாளுங்களுக்கு ஏதுங்க குடும்பப் பேரு? இவரு வரிசையில நின்னாரு. மேசையில இருந்தவன் 'சீக்கிரம் சொல்லு'ன்னு வெரட்டியிருக்கான். இவருக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுக் குடும்பம் ஒண்ணே ஒண்ணு. வேலை பாக்கற வீட்டுப் பேரையே சொல்லிட்டு வந்துட்டாரு."

"அந்த அதிகாரி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"மறுநாள் காலையில ரொட்டியைக் கடிச்சுப் பாத்துட்டு, 'போவட்டும், வெச்சுக்கோ'ன்னாராம். எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க. நெசமா பொய்யா, எனக்குத் தெரியாது சார்."

நான் முதலாளியைப் பற்றிச் சொன்னேன். தனி ஆள் என்பதை, மண்டபத்தை, எண்பது கதிரையை, வாத்தை. பெயரை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை, சாப்பிட வரச் சொல்லித்தான் கேட்கிறார் என்றேன். பன்னீர்செல்வம் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆனால் மல்லிகாவின் முகம் இன்னும் இளகவில்லை.

"சாப்பிடக் கூப்புடறதுன்னா இப்படியாங்க கூப்புடுவாங்க? கடுதாசி போட்டா ஆச்சா? ஒரு விசேஷம்னா வீட்டுக்கு வந்து தட்டு வெச்சு அழைக்க வேணாமா?"

பிள்ளைகளே, அந்தக் கேள்வியில் எனக்கு உறைத்தது. முதலாளிக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்திலும் அதுதானே முறை?

"அக்கா, ஒரு தட்டுத் தாங்கோ," என்றேன்.

வெண்கலத் தாம்பாளம் ஒன்று வந்தது. அதில் கப்பலை வைத்தேன். தட்டை விடப் பெரிய கப்பல், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மல்லிகா இரண்டு வாழைப்பழம் தந்தார், அவற்றைத் துடுப்புக்கு மேலே வைத்தேன். அவருக்கு இன்னும் ஏதோ குறைந்தது. சாமி அறைக்குப் போய்க் குங்குமம் எடுத்துவந்து டிராகனின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். அதற்குப் பிறகு அந்த மிருகத்துக்கு ஒரு குடும்பக் களை வந்துவிட்டது.

நான் எழும்பி நின்று, தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். "முசியே கிரிம்பெத்தோவின்ரை சார்பிலை அழைக்கிறன். குடும்பத்தோடை வந்து விருந்தைச் சிறப்பிக்க வேணும்."

புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். "இது முறை," என்றார் மல்லிகா. "பொண்ணுங்கள கூட்டிக்கிட்டு வந்துடறோம்."

நான் மூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன்.

"சரி சார்," என்றார் பன்னீர்செல்வம், "பாரிஸ்ல எங்க சித்தப்பா வீட்டை அழைச்சாச்சா?"

"சித்தப்பாவோ?"

"ஆறுமுகம் கிரிம்பெத்தோ. அப்புறம் அத்தை, மாமா, கலியபெருமாள் அண்ணன். அவங்கள விட்டுட்டு நான் மட்டும் உக்காந்து சாப்ட்டா நாளைக்கு மொகத்துல முழிக்க முடியுமா? ரீயூனியன் தீவுல ஒரு கூட்டம் இருக்கு. காரைக்கால்ல இருக்காங்க. பாண்டியில எங்க தெருவுல கல்லெறிஞ்சா ஒரு கிரிம்பெத்தோ மேலதான் விழும்."

அவர் பெயர்களை எழுத எழுத, நான் சாம்பார்ச் சோற்றைச் சாப்பிட்டபடி எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். மிக மிக அரிய பெயர்!

வெளிக்கிடும்போது மல்லிகா "அங்க எதுல சார் வேலை?" என்று கேட்டார். "பாண் சுடுறன்," என்றேன். "என்னது?" "பாண். உங்கடை ரொட்டி." புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் என்று எனக்கு ரயிலில்தான் விளங்கியது: அவர்களின் பாட்டனும் ஒரு கிரிம்பெத்தோவிடம் ரொட்டி சுட்டவர்தானே.

நாலாம் நாள் திரும்பி வந்தேன். முதலாளி என்னைக் கண்டதும் கையில் மாவோடு ஓடிவந்தார்.

"தாடி இருந்ததா?"

"மீசை."

"உயரம்?"

"என்னைவிடக் கொஞ்சம்."

"கடலோடு ஏதும் தொடர்பு?"

"திராமன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கார் இறக்குகிற வேலை."

"பார்த்தாயா! ரத்தம்!" என்று துள்ளினார்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாண்டிச்சேரி, வரிசை, மேசையில் இருந்தவன், ரொட்டி எல்லாம். சொல்லி முடித்துப் பட்டியலை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, அடுப்பில் பாண் வெந்து முடியும் வரை அதன் முன்னாலேயே நின்றார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றும் யோசித்துவிட்டேன்.

பிறகு அவர் போய் நீலக் கொப்பியை எடுத்துவந்தார். சிவப்புப் பென்சிலால் வெட்டிய வரிகளை முதன்முறையாக எனக்குக் காட்டினார். ஆறுமுகம் கிரிம்பெத்தோ. கலியபெருமாள் கிரிம்பெத்தோ. மங்கையர்க்கரசி கிரிம்பெத்தோ. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'அச்சுப் பிழை'.

"இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிறார்கள்," என்றார். "அச்சுப் பிழை என்று வெட்டிவிட்டேன், சந்திரன். சாப்பிட வரக்கூடிய ஆட்களை."

அழிறப்பரால் தேய்த்தார். சிவப்புப் பென்சில் போகவில்லை. புதுப் பக்கம் திருப்பி எல்லாரையும் முதலிலிருந்து எழுதினார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அவர் சுட்ட பாண் உண்மையில் அவ்வளவு நல்லதா?"

"ஒரு மனிதர் பெயரையே விட்டுக்கொடுத்திருக்கிறாரே, முதலாளி."

அவர் தலையை ஆட்டினார். தொழில் தெரிந்தவருக்கு அது போதும்.

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போனேன் என்று நீங்கள் கேட்டீர்கள். முதலாளியோடு, கையில் தட்டோடு, பாரிசின் வடக்குப் புறநகர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் கோப்பி, ஒவ்வொரு வீட்டிலும் முறுக்கு. மூன்றாவது ஞாயிறு அவர் முறுக்குக்கு வேண்டாம் என்று சொல்ல முயன்றார். ஒரு வீட்டிலும் நடக்கவில்லை.

விருந்து நாள் உங்கள் இருவருக்கும் காய்ச்சல், அம்மாவோடு வீட்டில் இருந்தீர்கள். எண்பது கதிரை போதவில்லை. பக்கத்துத் தேவாலயத்திலிருந்து உட்கார நீள வாங்குகள் எடுத்துவந்தோம். திராமனிலிருந்து பன்னீர்செல்வம் பட்டு வேட்டியில் வந்தார். பாதிப் பேர் சைவம் என்பதை ஒருவரும் முதலாளியிடம் சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் பட்டினியும் கிடக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு குடும்பமும் ஆளுக்கொரு சட்டி சாம்பாரோடு வந்தது. சங்கதி கேள்விப்பட்டு முதலாளியின் தங்கச்சியும் வந்தார், வேடிக்கை பார்க்க. வாசலில் நின்றவரை மல்லிகா கையைப் பிடித்து இழுத்துவந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, இலையைப் போட்டுவிட்டார். நடுவில் ஒரு சட்டி அப்பளம். சண்டை பிடிக்க இடமில்லை.

பன்னீர்செல்வம் முதலாளியிடம் வயதைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பன்னீர்செல்வம் விரலில் எண்ணினார்.

"என்னைவிட எட்டு வயசு மூத்தவரு. அப்ப புள்ளைங்களுக்குப் பெரியப்பா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மண்டபம் முழுவதும் ஒரே சத்தம். "பெரியப்பா, இந்தப் பக்கம் பாருங்க!" "பெரியப்பா, இது என்ன கறி?" முதலாளி திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் என் காதோடு கேட்டார், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று.

"அப்பாவின் அண்ணன்," என்றேன். "வீட்டில் அவர் வந்தால் அப்பாவே எழும்பி நிற்க வேண்டும்."

அவர் வாத்து வெந்ததா என்று பார்க்கக் குசினிக்குப் போனார். வாத்து அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முதலே சாப்பிட்டு முடிந்துவிட்டது.

படம் எடுத்தபோது பெயர்க்காரர் மட்டும் நின்றார்கள். எடுத்தது நான், ஏனென்றால் அங்கே கிரிம்பெத்தோ இல்லாத ஒரே ஆள் நான்தான். பிறகு எல்லாரும் கூட்டமாகக் கடல் பார்க்கப் போனார்கள். முதலாளி முன்னால் நடந்தார். அவர் கையைப் பிடித்தபடி பன்னீர்செல்வத்தின் இரண்டு பெண்களும் போனார்கள்.

நான் துப்பரவாக்க நின்றுவிட்டேன். நீள மேசைக்கு வெள்ளைத் தாள் விரித்திருந்தோம். சாப்பாட்டின் நடுவில் யாரோ அதில் தங்கள் பெயரை எழுதி, பிள்ளைகளின் பெயருக்குக் கோடு இழுத்திருந்தார்கள். அதைப் பார்த்து எல்லாரும் எழுதியிருந்தார்கள். பாண்டிச்சேரி, ரீயூனியன், திராமன் எல்லாம் ஒன்றோடொன்று கோட்டால் பின்னிக் கிடந்தன. மேசையின் தலைப்பக்கத்தில் முதலாளியும் தன் பெயரைத் திருத்தமாக எழுதியிருந்தார். அதிலிருந்து ஒரு கோடும் போகவில்லை. எங்கே இழுப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

குப்பைப் பையைக் கீழே வைத்தேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அவர் பெயருக்குக் கீழே, அவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் 'பெரியப்பா' என்று எழுதினேன். அங்கிருந்து சாம்பார்க் கறையைச் சுற்றிக்கொண்டு, அந்த இரண்டு பெண்களின் பெயர் வரைக்கும் ஒரு கோடு இழுத்தேன்.